காலில்லாத மிக்சியும் யுகாதிக்கு மறுநாளும்

போன வாரம் உங்கள் பயிற்சி அறையில் என்னை உட்கார வைத்து, உங்களுக்குப் பொருள் வரும் வழிகளைச் சுவர் அகலத்துக்கு ஒரு படமாகக் காட்டினீர்கள். புனேயிலிருந்து ஓர் அம்பு, சென்னையிலிருந்து ஓர் அம்பு, சீனாவிலிருந்து கடலைச் சுற்றிக்கொண்டு வளைந்து நெளிந்து ஓர் அம்பு. எல்லாம் ஓசூரில் வந்து குத்தி நின்றன. நன்றாகத்தான் இருந்தது. படத்தின் மூலையில் உங்கள் அடுத்த ஆய்வுக் கூட்டத்தின் தேதி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்டையைச் செருமிச் சமாளித்தேன். ஏன் சிரித்தேன் என்று உங்களில் ஒருவர் வாசல்வரை வந்து கேட்டார். அதற்குப் பதில்தான் இது.

நீங்கள் முடித்துவிட்டு வந்திருக்கிற சப்ளை செயின் மேற்படிப்புக்கு எங்கள் நாளில் இவ்வளவு அழகான பெயர் கிடையாது. பொருள் மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் என்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். வாரம் முழுக்க ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் வகுப்பு. ஜப்பானுக்குப் போய்வந்த ஆசிரியர் ஒருவர் ஸ்லைடு போட்டுக் காட்டினார். கிடங்கே இல்லாத தொழிற்சாலை. பொருள் காலையில் வரும், மாலைக்குள் தீரும், மறுநாள் காலை மறுபடி வரும். நாங்கள் கிறங்கிப்போனோம். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, அத்திப்பள்ளியில் ரோட்டோரம் முட்டைக்கோஸைக் குவித்து வைத்திருப்பவரைப் பார்த்தால்கூட இவ்வளவு ஸ்டாக் எதற்கு என்று எங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

நான் அப்போது மிக்சி தயாரிக்கும் ஒரு புதுத் தொழிற்சாலையில் ஸ்டோர் உதவியாளன். தெற்கே விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவன். தொழிற்சாலைக்கும் ஓசூருக்கும் ஒரே சமயத்தில் அறிமுகமானேன். பட்டயம் வாங்கினால் திட்டப் பிரிவில் நாற்காலி என்று சொல்லியிருந்தார்கள். வாங்காவிட்டால் ஸ்டோரிலேயே ஸ்டூல். பட்டயத்துக்கு, வேலை செய்யும் இடத்தில் ஒரு பிராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, நீங்கள் ஊகித்ததுதான்: இருப்பே இல்லாமல் உற்பத்தி லைனை ஓட்டுவது.

எங்கள் மேலாளர் சேலத்துக்காரர். சிரிக்காமல் பேசுவார். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்டாக்கே வேணாம்னா ஸ்டோரு எதுக்குப்பா? ஸ்டோரே வேணாம்னா அதுல இருக்கற நீ எதுக்கு?"

"அதுக்குத்தான் சார் படிக்கிறேன்."

"வேல போறதுக்குப் படிக்கறவன இப்பத்தான் பாக்கறேன்."

ஆனாலும் அனுமதித்தார். ஒரே ஒரு பொருளில் செய்து பார், சின்னதாக ஒன்றை எடு என்றார். இருப்பதிலேயே சின்னதாக நான் எடுத்தது ரப்பர் கால். மிக்சியின் அடியில் நான்கு மூலையிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கறுப்புக் குமிழ். அதைக் கேட்டதும் அவர் லைனிலிருந்து கால் மாட்டாத மிக்சி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். தம் மேசைமேல் வைத்து சுவிட்சைப் போட்டார். மிக்சி உறுமிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. பேனாவைத் தள்ளியது. பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டு போனது. மேசை விளிம்பில் இருந்த டீ கிளாஸைக் கீழே தள்ளிவிட்டு, வயர் நீளம் முடிந்ததால் அங்கேயே நின்று ஆடியது.

"நீ எதுல கை வெக்கறேன்னு தெரிஞ்சுக்க," என்றார். "காலு வரலைன்னா லைன் நிக்கும். லைன் நின்னா உன் பிராஜெக்ட் அவ்ளோதான். நானும் மேல பதில் சொல்லணும்."

சின்னப் பொருள் என்பதால் ஆபத்தும் சின்னது என்று நான் நினைத்திருந்தேன். இந்தத் தவறை நீங்களும் செய்வீர்கள். செய்யும்போது அந்த டீ கிளாஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கால் எங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டி ஆனேக்கல் போகிற வழியில் ஒரு கிராமம். அங்கே வெங்கடேஷப்பா என்பவர் ஓட்டுக் கொட்டகையில் இரண்டு வார்ப்பு அச்சு இயந்திரங்களை வைத்துக்கொண்டு ரப்பர் சாமான் செய்துகொண்டிருந்தார். மாநிலம்தான் வேறு; சைக்கிள் மிதித்தால் வந்துவிடுகிற தூரம். தினமும் காலையில் அவருடைய டெம்போ அன்றைய மூட்டையோடு எங்கள் சரக்கு வாசலுக்கு வரும். மாலையில் கடைசிக் கால் மாட்டப்படும். இப்படியே வாரக்கணக்கில் ஓடியது. ஸ்டோரில் கால் மூட்டைகள் இருந்த அலமாரி காலியானது. லைனில் வேலை செய்த பெண்கள் அதில் தங்கள் டிபன் பாக்ஸ்களை அடுக்கினார்கள். பிராஜெக்ட் அறிக்கையில் அதையும் ஒரு நன்மையாக எழுதினேன்.

வெளித்தேர்வாளரான ஒரு பேராசிரியர் நேரில் வந்து பார்ப்பது என்று முடிவாகி, அவரே நாளும் குறித்து அனுப்பினார். யுகாதிக்கு மறுநாள்.

நான் முட்டாள் இல்லை. காலண்டரைப் பார்த்தேன். யுகாதி அன்று எங்களுக்கும் விடுமுறை, வெங்கடேஷப்பாவுக்கும் விடுமுறை. ஆக, அன்றைக்குக் கால் தேவையே இல்லை. மறுநாள் காலண்டரில் கறுப்பு எழுத்து. வேலை நாள். முந்தின வருஷம் அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்து தொலைத்ததால், அது எப்படிப்பட்ட நாள் என்று புதுத் தொழிற்சாலையில் யாருக்கும் தெரிய வாய்ப்பு இல்லாமல் போனது.

அந்த மறுநாள் காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நேரத்தோடு போய்ச் சரக்கு வாசலில் நின்றேன். டெம்போ வரவில்லை. வெங்கடேஷப்பாவுக்கு போன் கிடையாது. பக்கத்து மளிகைக் கடை போனில்தான் கூப்பிட வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் கம்பெனி வேனை அனுப்பலாம் என்றால், டிரைவர் முனிராஜ் வரவில்லை என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. முனிராஜ் ஏன் வரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் மிச்சக் கதையே இல்லை. நான் யோசிக்கவில்லை. கண் முழுக்க ரோட்டில் இருந்தது. எனக்குப் பின்னால், ஆட்கள் வருகிற வாசலில் என்ன நடந்தது, எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று நான் திரும்பியே பார்க்கவில்லை.

லைன் மேற்பார்வையாளர் ராதாம்மாவின் மேசையில், முந்தின நாளுக்கு முந்தின நாள் மிஞ்சிய கால்கள் ஒரு டப்பாவில் இருந்தன. வழக்கமான வேகத்தில் டீ இடைவேளைக்குள் தீர்ந்துவிடும். தேர்வாளரும் டீ நேரத்துக்குத்தான் வருகிறார். மேலாளரிடம் ஓடினேன்.

"ஜப்பான் இன்னைக்கு லீவா?" என்றார்.

"சார், நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்."

ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்தார். "சாய்ச்சுட்டு உதைக்கணும். நேரா வெச்சு உதைச்சா வராது. புரபசரை நான் கேன்டீன்ல உக்கார வெக்கறேன். ஆனா அவர் கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் பரீட்சை, நீயே சொல்லிக்க."

சாய்த்து உதைத்தேன், வந்தது. எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரிகள் வழக்கம்போல் நின்றன. அதைத் தாண்டியதும்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. கடைகள் மூடியிருந்தன. ஸ்டிரைக்கோ என்று பயந்தேன். ஆனால் ஸ்டிரைக் நாளில் மனிதர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருக்க மாட்டார்கள். வாசலுக்கு வாசல் மாவிலை புதிதாக இருந்தது. மரத்துக்கு மரம் ஓர் ஆடு உரித்துத் தொங்கியது. அதன் அடியில் ஒரு பங்கு பிரிக்கும் கூட்டம், அதற்குப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடும் கூட்டம். ஊர் தவறாமல் இதே காட்சி. யாரோ ஒரே படத்தை வழிநெடுக ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. ஒரு பெரியவரிடம் வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"இவத்து ஹொசதொடகு சார்," என்றார். நான் விழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "யுகாதிக்கு மறுநாளு. நேத்து ஒப்பட்டு, போளி; இன்னிக்கு மட்டன். கறி தின்னணும், சீட்டு ஆடணும். யாரும் வேலைக்குப் போக மாட்டாங்க. உங்களுக்கு எந்த ஊரு?"

விருதுநகர் என்றேன்.

"பாவம்," என்றார்.

வெங்கடேஷப்பாவின் கொட்டகை பூட்டியிருந்தது. எதிரே புளிய மரத்தடியில் அவரும் இன்னும் சிலரும் ஜமக்காளம் விரித்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். காசு வைத்தால் போலீஸ் தொல்லை என்று ஆளுக்கு ஆள் புளியங்கொட்டைக் குவியல்.

"வாங்க சார், வாங்க," என்றார் வெங்கடேஷப்பா. "ஊட்டா ஆயித்தா, சாப்பாடு ஆச்சா?"

"கால் வேணும்ண்ணா. லைன் நிக்கப் போகுது."

"காலெல்லாம் ரெடியா மூட்டை கட்டி இருக்கு சார். உள்ள இருக்கு. சாவி மச்சினன் கிட்ட."

மச்சினன் சீனப்பா எதிரில்தான் இருந்தார். அவர் முன்னால் இருந்த புளியங்கொட்டைக் குவியல் மற்ற எல்லோருடையதையும் சேர்த்ததைவிடப் பெரியது. அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"சாவி குடுங்கண்ணா, நானே எடுத்துக்கறேன்."

"பூட்டு என் கைக்குத்தான் தெறக்கும் சார். வேற யாரு திருகுனாலும் சாவி ஒடஞ்சுடும்."

"அப்ப கொஞ்சம் எந்திரிச்சு வாங்க."

வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வெங்கடேஷப்பா எனக்கு விளக்கினார். இந்த நாளில் ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் பாதியில் எழுந்து போனால், வருஷம் முழுவதற்கும் உள்ள அதிர்ஷ்டம் அவனோடு எழுந்து போய்விடும். தோற்கிறவன் எழலாம். ஜெயிக்கிறவன் எழக்கூடாது.

"இவரு எப்ப தோப்பாரு?" என்று கேட்டேன்.

"நாங்களும் காலையிலேருந்து அதத்தான் பாக்கறோம்," என்றார் வெங்கடேஷப்பா.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒப்பந்தத்தைச் சொல்லிச் சத்தம் போடலாம், வெறுங்கையோடு திரும்பலாம், அவர்களுடைய விதிக்குள்ளேயே ஒரு சந்து இருக்கிறதா என்று பார்க்கலாம். சத்தம் போட்டு வாங்கியிருந்தால் அன்று மட்டும்தான் வாங்கியிருப்பேன்.

"இடம் காலியாகக் கூடாது, அவ்வளவுதானே?" என்றேன். "அவர் சீட்டை நான் பிடிக்கறேன். அவர் போய் பூட்டைத் தெறக்கட்டும்."

வட்டம் ஆலோசித்தது. அப்படி ஒருவர் பிடித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கூடாது என்று யாரும் சொன்னதாகவும் ஞாபகம் இல்லை. சீனப்பா அங்குலம் அங்குலமாக நகர, நான் அங்குலம் அங்குலமாக நுழைந்து, அவர் உட்கார்ந்த சூட்டிலேயே உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்க சார்," என்றார் அவர். "சும்மா புடிச்சுட்டு இருங்க. உங்க முறை வந்தா ஒண்ண எடுத்து, வேண்டாதத ஒண்ணு போடுங்க."

எனக்கு ரம்மி தெரியாது. முறை வந்தது. ஒன்றை எடுத்தேன். கையில் இருந்ததிலேயே எந்தக் குடும்பத்தோடும் சேராமல் தனியாக, குல்லாய் போட்டுக்கொண்டு ஒருவன் இருந்தான். அவனைப் போட்டேன்.

ஆடு வெட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சார் ஜோக்கரைப் போட்டுட்டாரு," என்றார் ஒருவர், மரண அறிவிப்பு மாதிரி.

சீனப்பா இரண்டு தோளிலும் மூட்டையோடு திரும்பி வந்தார். கீழே கிடந்த ஜோக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூட்டைகளை ஸ்கூட்டரில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பரவால்ல சார். போட்டது உங்க கை. இந்த வருஷ நஷ்டம் முழுக்க உங்களோடதுதான். என் அதிர்ஷ்டம் அப்படியே இருக்கு."

வெங்கடேஷப்பா சீட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பில் எழுதினார். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். நேரமில்லை என்று கெஞ்சினேன். அந்த நாளில் வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது என்று, ஒரு தூக்குவாளி நிறையக் கறிக் குழம்பை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டி, இன்னொரு பாத்திரத்தில் ராகிக் களியையும் கட்டிவிட்டார்கள்.

செக்போஸ்டில் நிறுத்தினார்கள். அலுவலர் பில்லை வாங்கிப் படித்தார்.

"மூட்டைல என்ன?"

"மிக்சிக்குக் கால் சார்."

"தூக்குல?"

"கறி சார்."

பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறி இதுல இல்லயே. பில் இல்லாம மாநிலம் தாண்டுது."

நான் தூக்குவாளியைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து மணம் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு மூடினார். "போங்க. எங்க வீட்டுலயும் வெச்சிருப்பாங்க. நான்தான் இங்க நிக்கறேன்."

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் இரண்டு மூட்டைகளையும் இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு லைனுக்கு ஓடினேன். டீ நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. லைன் நின்றிருக்கும், ராதாம்மா திட்டுவார், எல்லாம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டே ஓடினேன்.

லைன் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரு பெரிய வீட்டின் ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் ஸ்டூல்கள் காலி. ராதாம்மா கிருஷ்ணகிரிக்காரர், அவரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கால் மாட்டிக்கொண்டிருந்தார். டப்பாவில் இன்னும் கால்கள் இருந்தன.

"எங்க சார் போயிட்டீங்க காலையிலேருந்து? ஆளே வரல. கெலமங்கலம் பஸ்ஸும் தளி பஸ்ஸும் காலியா வந்துச்சு. டிரைவரும் கண்டக்டரும்தான் எறங்குனாங்க. இது என்ன மூட்டை?"

"கால்."

"அதான் இருக்குதே," என்றார்.

நான் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் செய்கிறவர்கள் இல்லை. இந்தப் பக்கம் மாட்டுகிறவர்கள் இல்லை. கோடு போட்டுப் பிரித்தது அரசாங்கம்தான். பண்டிகை கோட்டைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்துக் கெலமங்கலத்திலும் தளியிலும் அதே புளிய மரம், அதே ஆடு, அதே சீட்டுக்கட்டு; ஏதோ ஒரு வட்டத்தில் முனிராஜ். வரவும் தேவையும் இவ்வளவு அழகாகப் பொருந்தியதை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். சிரிப்பு வந்தது. ராதாம்மா தண்ணீர் கொடுத்தார்.

கேன்டீனில் மேலாளரும் வெளித்தேர்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் மண்டியா பக்கத்துக்காரர், பெங்களூரில் பேராசிரியர். வேர்வை சொட்ட, ரப்பர் நாற்றத்தோடு, கையில் தூக்குவாளியோடு போய் நின்றேன்.

"உங்க லைனைப் பார்த்தேன்," என்றார் அவர். "ஓடிட்டிருக்கு. ஸ்டோர்ல அலமாரியையும் பார்த்தேன். காலி. டிபன் பாக்ஸ் மட்டும் இருக்கு. உங்க அறிக்கைல இருக்கற மாதிரியேதான் இருக்கு. நான் கையெழுத்துப் போடலாமா?"

மேலாளர் தம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி என்னுடையது. பொய்யும் அல்ல, லைன் நிற்கவில்லை, அலமாரி காலி. ஆனால் அடுத்த பண்டிகைக்கு அந்தக் கையெழுத்து வந்து லைனை ஓட்டாது.

"லைன் ஓடினது என் திட்டத்தால இல்ல சார்," என்றேன். "கால் வரல. ஆளும் வரல. ரெண்டும் சேர்ந்து வராததால தப்பிச்சேன்." காலையிலிருந்து நடந்த எல்லாவற்றையும், ஜோக்கர் உட்படச் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தூக்குவாளியைக் காட்டிக் கேட்டார்.

"அது என்ன?"

"கறிக் குழம்பு சார். அவங்க குடுத்துவிட்டது."

வாளியை வாங்கித் தம் முன்னால் வைத்துக்கொண்டார். "என் டைரில இந்த ஒரு நாள்தான் காலியா இருந்துச்சு," என்றார். "ஏன் காலியா இருக்குன்னு நான் யோசிக்கல. காலையில வீட்டுல அவ்வளவு சொன்னாங்க, ஹொசதொடகு அன்னிக்கு எங்கயும் போகாதீங்கன்னு. கோவிச்சுட்டு உப்புமா தின்னுட்டு வந்தேன்."

மேலாளர் எழுந்து போய் மூன்று தட்டு எடுத்துவந்தார்.

பாதி சாப்பாட்டில், களியை உருட்டிக்கொண்டே பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். வாய்மொழித் தேர்வு என்பது அது ஒன்றுதான். "அடுத்த வருஷம் இதே நாள் வரும். என்ன பண்ணுவீங்க?"

வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில் எனக்குத் தெரியும்: முன்கூட்டியே ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி வைப்பது. ஆனால் மாட்ட ஆள் இல்லாத நாளில் கால் மட்டும் இருந்து என்ன?

"லைனை நிறுத்திடுவேன் சார். மெஷின் பழுது பாக்கறதையெல்லாம் அன்னிக்கு வெச்சுக்குவோம். அவங்களை அவங்க ஊருக்குப் போகச் சொல்லிடுவேன்."

"நீங்க?"

"புளிய மரத்தடியில எனக்கு ஒரு நஷ்டம் பாக்கி இருக்கு சார். அத எடுக்கப் போவேன்."

அவர் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். முழுக்கக் கழுவவில்லை, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விரல் அடையாளம் இன்னும் இருக்கிறது. நாற்காலி வந்தது. சீனப்பா சொன்ன நஷ்டத்துக்கு அந்த வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த நாளில் லைனை நிறுத்தினோம். மேலாளர் தாமே முன்வந்து என்னோடு எல்லையைத் தாண்டினார். சேலத்துக்காரர் நன்றாக ரம்மி ஆடுவார் என்பது அன்றுதான் தெரிந்தது.

இனி, உங்கள் ஆய்வுக் கூட்டம். சுவரில் அத்தனை அம்புகளை வரைந்த நீங்கள், மூலையில் போட்டிருக்கிற தேதியைக் காலண்டரில் ஒருமுறை பாருங்கள். அது கறுப்பு எழுத்தில்தான் இருக்கும். அதற்கு முந்தின நாளைப் பாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், எனக்கு வேலை இருக்கிறது. சீனப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஆனால் இடம் போட்டு வைத்திருப்பார். கூட்டத்தைத் தள்ளிவைப்பதானால் நீங்களும் வாருங்கள். ஜமக்காளம் பெரியது. ஜோக்கரை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள்.